சூடு ஆறாத தூரம்

திருவண்ணாமலையில் பிரியாணி செய்து கொடுக்கிறவர்கள் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். இவ்வளவு தூரம்தான் கொடுப்பேன், அதற்கு மேல் கோடி கொடுத்தாலும் மாட்டேன் என்று எல்லை வைத்திருக்கிறவர், எனக்குத் தெரிந்து ஹபீபுன்னிசா அக்கா ஒருவர்தான். என் மினி வேனில்தான் அவருடைய தேக்சா போகும். தேக்சா என்றால் அடி கனத்த பெரிய பாத்திரம். அரிசியும் கறியும் முக்கால் வேக்காட்டில் சேர்ந்ததும் மூடியைப் போட்டு, ஓரத்தில் மைதா மாவைப் பிசைந்து அப்பி அடைத்துவிடுவார். அதுதான் தம். விசேஷ வீட்டில் இறக்கி, அந்த மாவை உடைக்கும்போது ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அதனால் கணக்கு ஒன்று வைத்திருந்தார். தம் உடைக்கிறபோது ஆவி வருகிற தூரம் வரைதான் ஆர்டர். வேங்கிக்கால் சரி, அடி அண்ணாமலை சரி, கீழ்பென்னாத்தூர் தாராளமாகச் சரி. வேலூரில் ஒரு பெரிய இடம், கார் அனுப்பிக் கூப்பிட்டது. மாட்டேன் என்றுவிட்டார். பௌர்ணமி என்றால் வேங்கிக்காலுக்கே மாட்டார். அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் சோறு பழையதாகிவிடும். நானும் பௌர்ணமி அன்று அந்தப் பக்கம் வண்டி எடுக்கிறவன் இல்லை, அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

சோற்றுக்கு வைத்த கணக்கையே பெற்ற பெண்களுக்கும் வைத்தார் என்பதுதான் விஷயம். மூத்தவள் உஸ்மாவைக் கேட்டு ஆம்பூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வந்தார்கள். நல்ல இடங்கள். அக்கா கீழ்பென்னாத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிற பையனுக்குக் கொடுத்தார். "இங்க தம் போட்டு எடுத்துட்டுப் போனா அவ வீட்டுல சூடா உடைக்கலாம். அதுக்கு மேல தூரம்னா அது பொண்ணு குடுக்கறது இல்ல, தொலைக்கறது" என்றார். வீட்டுக்காரர் ஜியாவுல்லா பாய் வாயைத் திறக்கவில்லை. பாய் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் கவர் தைக்கிறவர். கடையில் வாய் ஓயாது. வீட்டில் அக்கா பேசினால் இவர் கேட்பார்.

இரண்டாவது மெஹ்விஷ். பி.காம் முடித்துவிட்டு வேங்கிக்காலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளை ஜுபைர், நம்ம ஊர்ப் பையன்தான். ஆனால் வேலை மஸ்கட்டில். பெரிய கட்டடங்களுக்கு ஏசி போடுகிற கம்பெனியில் சூப்பர்வைசர். குடும்பத்தோடு தங்க வீடு தருகிறார்கள், கல்யாணம் ஆனதும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

மெஹ்விஷுக்குப் பிடித்துவிட்டது. அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். எனக்கே தெரிந்தது, பெற்றவர்களுக்குத் தெரியாதா?

அக்கா ஒரே பிடியாக நின்றார். "கடல் தாண்டிக் குடுக்க மாட்டேன்."

"அம்மி, நான் இன்னா பிரியாணியா? ஆறிப் போறதுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டாள் மெஹ்விஷ். அந்த வீட்டில் அதற்கு முன் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பாய்தான் வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் நான் தேக்சாவை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மொபைலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிளேன் டிக்கெட் போடுகிற பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"பரசு, நீயே படி. என் கண்ணு சரியில்லன்னு இவ சொல்லுவா."

படித்தேன். மதியம் இரண்டு மணிக்குச் சென்னையில் கிளம்புகிறது, நாலரைக்கு மஸ்கட்டில் இறங்குகிறது.

"கேட்டுச்சா?" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார் பாய். "ரெண்டு மணிக்கு ஏறினா நாலரைக்கு இறங்கிடலாம். ரெண்டரை மணி நேரம்! நம்ம ஊர்லேருந்து மெட்ராஸ் போகவே நாலு மணி நேரம் ஆகுது. மெட்ராஸை விட மஸ்கட் கிட்ட இருக்குதுடி!"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நெசமாவா பரசு?"

"போட்டிருக்கறது அப்படித்தான்க்கா" என்றேன். எழுதியிருந்ததைத்தான் நான் படித்தேன். நான் என்ன பிளேனா ஓட்டியிருக்கிறேன்?

அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "ரெண்டரை மணி நேரத்துல தம்முல இருக்கற சோறு ஒண்ணும் ஆகாது" என்றார். மெட்ராஸ் வரை போகிற நேரத்தை எப்படி விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் சரி என்று சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கும். அன்று சாயங்காலமே பையன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நிச்சயத்துக்கு ஜுபைர் பத்து நாள் லீவில் வருவதாக ஏற்பாடு. மெஹ்விஷ் தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

ஜுபைரைச் சென்னையிலிருந்து கூட்டி வரவும் என் வண்டிதான். அவன் வருகிற டிக்கெட்டை மெஹ்விஷுக்கு அனுப்பியிருந்தான். அவள் அதை எனக்குப் படித்துச் சொன்னாள். "காலையில பத்து மணிக்கு அங்க கிளம்பறாரு அண்ணா. மெட்ராஸ்ல மூணேகாலுக்கு இறங்கறாரு. நீங்க மூணு மணிக்கு இருந்தா போதும்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"பத்துலேருந்து மூணேகாலா? அது அஞ்சேகால் மணி நேரம் ஆச்சே."

உரித்த பூண்டைக் கீழே வைத்தார்.

"போறப்ப ரெண்டரை, வர்றப்ப அஞ்சேகாலா? போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தமா?"

பாய் சட்டென்று உள்ளே புகுந்தார். "காத்துடி. எதிர்க்காத்து. ஆடி மாசத்துல கீழ்பென்னாத்தூர்லேருந்து மொபெட்ல வந்தவனைக் கேளு. போறப்ப தள்ளிவிடும், வர்றப்ப வண்டி நகராது. மேல இன்னும் ஜாஸ்தி."

"இப்ப ஆடி இல்லயே."

"மேல எப்பவும் ஆடிதான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

ஜுபைர் வந்தான். மறுநாள் காலையில் பெண் வீட்டுக்கு மரியாதைக்காக வந்தான். அக்காவை அவன் காலா என்று கூப்பிடுவான். பெரியம்மா, சின்னம்மாவுக்கு அவர்கள் வீட்டில் சொல்கிற சொல் அது. டீ கொடுத்துவிட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"வழியில காத்து ஜாஸ்தியா தம்பி?"

"காத்தா காலா?"

"போறப்ப ரெண்டரை மணி நேரத்துல போயிடற பிளேன், வர்றதுக்கு அஞ்சேகால் மணி நேரம் எடுக்குதே."

பாய் பையனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், இருமினார், காலை நீட்டி அவன் காலைத் தொடப் பார்த்தார். கதவோரம் நின்ற எனக்கே அந்தச் சைகை புரிந்தது. அவனுக்குப் புரியாமல் இருக்காது. ஆமாம் காற்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீயைக் குடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அப்படி இல்ல காலா. அங்க கடிகாரம் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னால ஓடும். டிக்கெட்ல அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவாங்க. போறதுக்கும் வர்றதுக்கும் நாலு மணி நேரம் ஆகும். கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல தூரம்."

"நாலு மணி நேரமா?"

"ஆமா காலா. அது பிளேன்ல உக்கார்ற நேரம் மட்டும். மூணு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்டுக்குப் போயிடணும். நம்ம வீட்டுலேருந்து அந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டா பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடும்."

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் மெஹ்விஷின் வளையல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

அக்கா கோபப்படவில்லை. "உண்மையைச் சொன்னியே, நல்லா இரு தம்பி" என்றார். அவன் போன பிறகு பாயிடம், "நான் ரெண்டரை மணி நேரத்துக்குத்தான் வாக்கு குடுத்தேன். பன்னெண்டுக்குக் குடுக்கல. நிச்சயத்தைத் தள்ளி வைங்க" என்றார்.

வீடு துக்க வீடு மாதிரி ஆனது. பையன் வீட்டுப் பெண்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். "பிளேன் மணியைப் பாத்துப் பொண்ணு குடுக்கற வீடு இதுதான்மா" என்று அவனுடைய அத்தை ஒருத்தி வாசலில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். மெஹ்விஷ் வேலைக்குப் போனாள், வந்தாள், அம்மாவிடம் மட்டும் பேசவில்லை. ஜுபைரின் லீவு கரைந்துகொண்டே போனது. இந்தத் தடவை நடக்கவில்லை என்றால் அவனுக்கு அடுத்த லீவு ஒரு வருடம் கழித்துத்தான். அதுவரை அவன் வீட்டார் காத்திருக்கப் போவதில்லை, வேறு பெண் பார்ப்பார்கள். இது தெரு முழுக்கத் தெரியும்.

அவன் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு அந்தத் தம்பியை ஏர்போர்ட்டுக்கு நீதானே கூட்டிட்டுப் போற? நாங்களும் வரோம். தேக்சாவும் வரும்."

"ஏர்போர்ட்ல விருந்தாக்கா?"

"காலையில தம் போட்டு அடைச்சிடறேன். அவன் அந்த ஊர்ல இறங்கிப் போன் பண்றப்ப உடைக்கறேன். ஆவி வந்தா நிச்சயம். வரலன்னா அல்லாஹ் விட்ட வழி."

பைத்தியக்காரத்தனம் என்று வாய் வரை வந்தது. ஆனால் மெஹ்விஷ் அம்மாவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன்.

காலைத் தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். முன் சீட்டில் பாயும் ஜுபைரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் அக்காவும் மெஹ்விஷும், நடுவில் இரண்டு ரஜாய் சுற்றிக் கயிறு கட்டிய தேக்சா, சின்ன அளவுதான். ஏர்போர்ட் பார்க்கிங்கில் ஒரு போலீஸ்காரர் லத்தியால் தட்டிக் கேட்டார்.

"இன்னாய்யா இது?"

"பிரியாணி சார்."

"அதுக்கு எதுக்குப் போர்வை? குளுருதா?"

"அது பெரிய கதை சார்" என்றேன். கயிற்றை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, முகம் மலர எங்களை விட்டுவிட்டார்.

ஜுபைர் உள்ளே போகும்போது அக்காவிடம் தலை குனிந்து சலாம் சொன்னான். மெஹ்விஷை நேராகப் பார்க்கவில்லை, தேக்சாவைத்தான் பார்த்தான். பாவம்.

பிளேன் கிளம்புகிற நேரம் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தினபோது பாய் என் பக்கம் வந்து முழங்கையைப் பிடித்தார். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில், நிறையக் கொதிக்கிற வெந்நீர். டீக்கடையில் வாங்கியிருக்கிறார்.

"ரஜாய்க்குள்ள சொருகிடலாம் பரசு. நீ அவகிட்ட பேச்சுக் குடு."

"எனக்கெதுக்கு பாய் இந்த வம்பு?"

"உனக்குப் பொண்ணு இல்ல, அதான் இப்படிப் பேசற" என்றார். பிறகு அவரே போய், அக்கா முகம் கழுவப் போன நேரத்தில் என்னமோ செய்துவிட்டு வந்தார். நான் பார்க்கவில்லை. பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் அக்கா தானாகப் பேச ஆரம்பித்தார். எனக்கா, பெண்ணுக்கா, யாருக்கென்று தெரியவில்லை.

"கைருன்னிசான்னு எனக்குத் தங்கச்சி இருந்தா. பீவண்டியில குடுத்தாங்க, பம்பாய்க்கு அந்தப் பக்கம். ரயில்ல ஏறி ரயில்ல மாறிப் போகணும். பிரசவத்துல ஏதோ கஷ்டம்னு தந்தி வந்துச்சு. எங்கப்பா கிளம்பிப் போனாரு. போய்ச் சேர்றப்ப மண்ணு போட்டு முடிச்சிட்டாங்க. அவ யாரைக் கூப்பிட்டா, என்ன கேட்டா, ஒண்ணும் தெரியாது எங்களுக்கு. எங்கம்மா சாகற வரைக்கும் ஒரே பேச்சுதான். கூப்பிட்டா எட்டற தூரத்துல குடுத்திருக்கலாமே, கூப்பிட்டா எட்டற தூரத்துல குடுத்திருக்கலாமே."

இத்தனை வருடம் தேக்சா ஏற்றியிருக்கிறேன், இந்தப் பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை. அக்காவின் எல்லைக்குக் காரணம் ருசி என்றே நினைத்திருந்தேன். மெஹ்விஷ் அம்மாவின் கையைப் பிடித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பாய் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

செஞ்சிக் கோட்டை மலை தெரிகிற இடத்தில் மெஹ்விஷின் போன் அடித்தது. வீடியோ கால். "இறங்கிட்டேன்" என்றான் ஜுபைர்.

"நிறுத்து பரசு" என்றார் அக்கா.

ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். தேக்சாவை இறக்கிக் கீழே வைத்தோம். கயிற்றை அவிழ்த்து ரஜாயைப் பிரித்ததும், சூட்டில் வளைந்து சுருங்கிப் போன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று உருண்டு என் காலடியில் வந்து நின்றது. ரஜாயும் ஒரு பக்கம் நனைந்து போயிருந்தது.

அக்கா பாட்டிலைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

"காத்துல வந்திருக்கும்" என்றார் பாய்.

மெஹ்விஷ் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா சிரிக்கவில்லை. காய்ந்து இறுகியிருந்த மாவைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்து மூடியைத் தூக்கினார்.

ஆவி வரவில்லை.

கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினார். அடியில் கறிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்திருக்கலாம், அவர் சொல்லவில்லை. ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். நாங்கள் எல்லோரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

போனிலிருந்து, "காலா, எப்படி இருக்குது?" என்று கேட்டது.

"ஆறிடுச்சு தம்பி."

அந்தப் பக்கம் ஏர்போர்ட்டில் யாரோ மைக்கில் பேசுவது மட்டும் கேட்டது. மெஹ்விஷ் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்சம் சூடு இருக்குதுன்னு சொல்லித் தொலையேன் என்று என் மனசுக்குள் திட்டினேன்.

அக்கா போனைக் கையில் வாங்கினார். "ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. அங்க இவளுக்கு ஒரு கஷ்டம்னா, உன்கூடவே சண்டைன்னு வச்சுக்க, அம்மி கிட்ட போறேன்னு இவ ஒருத்தியா கிளம்பினா, எப்ப வந்து சேருவா?"

"டிக்கெட் கிடைச்சா அன்னைக்கே வந்துடலாம் காலா. கிடைக்கலன்னா மறுநாள் ஆகும். பண்டிகை சமயத்துல இன்னும் ஒரு நாள் கூட ஆகலாம். பாஸ்போர்ட் கையில இருக்கணும், அதுதான் முக்கியம்."

"யார் கையில?"

"அங்க பல வீட்டுல ஆம்பளைங்க வாங்கி வச்சுக்குவாங்க. இவகிட்டயே இருக்கட்டும். நான் கேக்க மாட்டேன்."

அக்கா போனைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பாய் பக்கம் திரும்பினார். "நீங்க இருக்கற தூரத்தைக் குறைச்சுக் குறைச்சுக் காட்டினீங்க. அவன் ஒரு தடவை கூடக் குறைக்கல. நான் கேக்காததையும் சேத்துச் சொல்றான்."

"அதுக்கு இன்னா பண்ணணும்ன்ற?" என்றார் பாய், பயந்துகொண்டே.

"இன்னா பண்றது? அவங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க. அவன் இல்லன்னாலும் பெரியவங்கள வச்சு வெள்ளிக்கிழமை நிச்சயத்தை முடிச்சுக்கலாம். அந்த அத்தைக்காரியையும் கூப்பிடுங்க. அவ முன் வரிசையில உக்காரணும்."

மெஹ்விஷ் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அவன் அங்கே என்ன பார்த்தானோ, துப்பட்டாவைத்தான் பார்த்திருப்பான். பாய் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா வாழை இலை இல்லாததால் மூடியிலேயே சோற்றை அள்ளிப் போட்டு எங்கள் நடுவில் வைத்தார். ஆறின பிரியாணி. அந்த வீட்டுச் சோற்றை நான் சூடில்லாமல் தின்றது அன்றுதான். மசாலா நன்றாக இறங்கி, உண்மையைச் சொன்னால் இன்னும் நன்றாகவே இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலூர் ஆர்டர் எல்லாம் எடுத்துவிடுவார், ஓட்டுகிறவன் நான்.

அடுத்த வாரம், நிச்சயம் முடிந்த மறுநாள், கடைத் தெருவுக்குப் போக வேண்டும் என்று வண்டியைக் கூப்பிட்டார். தேக்சா எதுவும் ஏறவில்லை. கருகமணி போட்டு, இஸ்திரி போட்ட புர்காவில் வந்து ஏறினார்.

"எங்கக்கா?"

"போட்டோ பிடிக்கற கடைக்கு. பாஸ்போர்ட்டுக்கு."

"மெஹ்விஷ் வரலயா?"

"அவளுக்கு எடுத்தாச்சு. இது எனக்கு. கூப்பிட்டா அவ வர்றதுக்கு எவ்வளவு நேரமோ, நான் போறதுக்கும் அதே நேரம்தானே? வர்ற வழியை மட்டும் கணக்குப் போட்டா ஆச்சா?"

சீட் கவர் கடை வாசலைக் கடக்கும்போது பாய் ஊசியோடு எழுந்து வந்து வண்டியை மறித்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிறுத்துப் போனது.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு? அங்க போயும் மணியைத் தப்பா சொல்லி ஊரைக் குழப்பறதுக்கா?" என்றார் அக்கா. வண்டியை எடுக்கச் சொல்லி என் சீட்டில் தட்டினார். நான் எடுக்கவில்லை. பாய் கடையைச் சாத்திவிட்டு, கையிலிருந்த நூல் பிசிறைத் தட்டிக்கொண்டே பின்னால் ஏறினார். அக்கா நகர்ந்து இடம் விட்டார்.